கால் பங்கு மாடு

"விற்பனைக்கு அல்ல."

அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக் கராஜில் ஒரு பெரிய ஃப்ரீசர் நிற்கிறது. உள்ளே வெள்ளைத் தாளில் சுற்றிய பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் இந்த வாசகம் ஆங்கிலத்தில் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். கடைக்காரர் எவரும் தன் சரக்கின் மேல் இப்படி எழுதமாட்டார். அண்ணனும் அக்கம்பக்கத்தில் மூன்று குடும்பங்களும் சேர்ந்து, ஒரு பண்ணைக்காரரிடம் உயிரோடு ஒரு மாட்டை வாங்கி, அவரையே சுடச் சொல்லி, வெட்டிக் கட்டி எடுத்து வந்த கறி அது. ஆளுக்குக் கால் பங்கு. நான் போனபோது ஃப்ரீசரில் இருந்தது முந்தைய வருடத்து மிச்சம். இந்த வருடத்து மாடு அப்போது பண்ணையில் மேய்ந்துகொண்டிருந்தது.

இதைப் படிக்கும்போதே சிலர் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். எங்கள் வீடும் மாட்டுக்கறி நுழையாத வீடுதான். நான் ஆடு, கோழி, மீன் எல்லாம் சாப்பிடுவேன். மாடு சாப்பிட்டதில்லை, அங்கே போயும் சாப்பிடவில்லை. சாப்பிடலாமா கூடாதா என்ற வாதத்தை நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கே விட்டுவிடுகிறேன். எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது வேறு. அண்ணனிடமும் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மாட்டில் பங்கு போடுவது நமக்குப் புதிதில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாட்டை 7 பங்காகப் போட்டுக் குர்பான் கொடுப்பதை நம் பக்கத்து வீடுகளில் பார்த்துத்தானே வளர்ந்தோம்? தோட்டத்தில் தீபாவளிக்கு நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆடு பிடித்து, வாழையிலை விரித்துக் கூறு போடுவார்கள். கூறு சரியில்லை என்று ஒரு சித்தப்பா வருடா வருடம் சண்டை போடுவார். அண்ணன் செய்வதும் அதுதான், ஆனால் அங்கே அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது.

1906இல் அப்டன் சின்க்ளேர் 'தி ஜங்கிள்' என்ற நாவலைப் புத்தகமாக வெளியிட்டார். சிகாகோவின் இறைச்சி ஆலைகளில் வேலை செய்த குடியேறிகளின் துயரத்தைத்தான் அவர் எழுதப்போனார். படித்தவர்களோ தங்கள் தட்டில் என்ன விழுகிறது என்றுதான் பதறினார்கள். அதே வருடம் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது. இன்றுவரை அமெரிக்காவில் கடைக்கு வரும் மாட்டுக்கறி, அரசுப் பரிசோதகர் இருக்கும் கூடத்தில் வெட்டப்பட்டதாக இருக்க வேண்டும். ஒரு விலக்கு உண்டு. மாடு உங்களுடையது என்றால், உங்கள் குடும்பமும் வீட்டுக்கு வரும் விருந்தாளியும் சாப்பிடுவதற்காக அதை வெட்டித் தரச் சொல்லலாம். விற்கக் கூடாது. அதற்குத்தான் அந்த முத்திரை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மாடு உயிரோடு இருக்கும்போதே பங்கு பேசி முடித்துவிட வேண்டும். செத்த பிறகு பண்ணைக்காரர் உங்களுக்குக் கறி விற்றால் அது குற்றம். ஆக, துப்பாக்கி வெடிக்கும் நேரத்தில் அந்த மாட்டின் சொந்தக்காரர்கள் அண்ணனும் அந்த மூன்று குடும்பங்களும்தான். பண்ணைக்காரர் கூலிக்குச் சுடுகிறார். சட்டம் தெரிந்தோ தெரியாமலோ ஒரு விஷயத்தைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

நெப்ராஸ்காவில் மனிதர்கள் சுமார் 20 லட்சம், மாடுகள் 60 லட்சத்துக்கும் மேல். அப்படிப்பட்ட ஊரிலேயே 2020இல் சூப்பர் மார்க்கெட் இறைச்சி அலமாரிகள் காலியாகின. ஆலைத் தொழிலாளர்கள் தோளோடு தோள் உரச நின்று வேலை செய்கிறவர்கள். கோவிட் அங்கே காட்டுத்தீயாகப் பரவி ஆலைகள் மூடப்பட்டன. அமெரிக்காவில் கொழுக்கவைத்து வெட்டும் மாடுகளில் 85 விழுக்காடு அளவு நான்கே நிறுவனங்களின் கைக்குள் போகிறது. நாலில் ஒன்று தும்மினால் நாட்டுக்கே சளி. பண்ணையில் மாடு நிற்கிறது, கடையில் கறி இல்லை. அப்போதுதான் அண்ணனுடைய தெருக்காரர்கள் நேராகப் பண்ணைக்கே போய்க் கேட்டார்கள். நிலைமை சீரான பிறகு பலர் கடைக்குத் திரும்பிவிட்டார்கள். இவர்கள் நாலு வீடும் திரும்பவில்லை.

"நீ ஏன் இதுல சேர்ந்த?" என்று அண்ணனைக் கேட்டேன். அவர் வேலைக்குப் போன இடத்தில் மாட்டுக்கறி சாப்பிடப் பழகியவர். அதை வீட்டில் மறைத்ததில்லை, பேசியதும் இல்லை.

"சாப்பிடறதா இருந்தா அது மூஞ்சியப் பாத்துட்டு சாப்பிடணும்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. கூட வருகிறாயா என்று மட்டும் கேட்டார். நானும் போனேன்.

ஒமாஹாவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கார்ப் பயணம். அக்டோபர் கடைசி. அறுத்து முடித்த மக்காச்சோளக் காடுகள் சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டும் வரை காய்ந்து கிடந்தன. அறுவடைக்குப் பின் தட்டைகளை மேயவிடும் வழக்கம் அங்கே உண்டு என்பதால், காடு முழுக்கக் கறுப்புப் புள்ளிகளாக மாடுகள். காற்று காதை அறுத்தது. பண்ணைக்காரருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். அழுக்குத் தொப்பி, மெதுவான பேச்சு. என் கையைக் குலுக்கிவிட்டு, "காலணி சேறாகும், பரவாயில்லையா?" என்று கேட்டார். அவ்வளவுதான் வரவேற்பு.

எங்கள் மாடு என்று அவர் காட்டியது ஒரு கறுப்பு ஆங்கஸ். இளம் வயதில் காயடித்த காளை, இரண்டு வயதுக்குள். எடை 570 கிலோ இருக்கும் என்றார். அதைத் தனியாக நிறுத்தவில்லை, கூட இரண்டு மாடுகளை அதே பட்டியில் விட்டிருந்தார். மாட்டைத் தனியே பிரித்தால் மிரளும், மிரண்ட மாட்டைச் சுடக் கூடாது, கறியும் கெட்டுப்போகும் என்றார். முதல் காரணத்தைத்தான் அழுத்திச் சொன்னார். தரையில் ஒரு தொட்டியில் தானியம் கொட்டினார். மூன்றும் தலையைத் தாழ்த்தித் தின்ன ஆரம்பித்தன.

எங்கே சுடுவது என்று காட்டினார். ஒரு கண்ணின் வெளி ஓரத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக் கொம்பின் அடிக்கு ஒரு கோடு, மறு கண்ணிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளி. ஆங்கஸுக்குக் கொம்பு கிடையாது, கொம்பு முளைக்க வேண்டிய இடத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்களுக்கு நடுவே என்று சினிமாவில் காட்டுவது தவறு, அது ரொம்பக் கீழே என்றார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கும்போது பார்க்கத் தேவையில்லையே.

அவர் காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று கேட்டால், நான் ஒலியை வைத்துப் பிழைக்கிறவள், மௌனத்தை நொடிக்கணக்கில் அளக்கத் தெரியும். வானொலியில் 5 நொடி மௌனம் வந்தாலே கட்டுப்பாட்டு அறையில் ஆள் எழுந்து நிற்பார். இவர் இரண்டு மூன்று நிமிடம் துப்பாக்கியைத் தூக்காமலேயே நின்றார். மாடு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. மறுபடி குனிந்தது. மறுபடி தூக்கியது.

சத்தம் நான் நினைத்ததைவிடச் சின்னது. ஒரு பலகை முறிந்த மாதிரி. பெரிய சத்தம் அதற்குப் பிறகு வந்தது: 570 கிலோ அப்படியே தரையில் விழுந்த சத்தம். அது காதில் விழவில்லை, உள்ளங்காலில் ஏறியது. மாடு கத்தவில்லை. கத்துவதற்கு நேரமே இருக்கவில்லை. கால்கள் மட்டும் உதைத்தன. லாரியோடு வந்திருந்த கசாப்புக்காரர் விழித்திருந்த கண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். இமை அசையவில்லை. "போய்விட்டது, உதைப்பது வெறும் நரம்பு" என்று சொல்லிக்கொண்டே கழுத்தில் கத்தியை இறக்கினார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள்.

கூட நின்ற இரண்டு மாடுகளும் பின்னால் துள்ளி ஓடின. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தன. பிறகு திரும்பி வந்து தொட்டியில் மிச்சமிருந்த தானியத்தைத் தின்றன. அந்த நாளில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது அதுதான். ஏன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மற்றதெல்லாம் வேலை. லாரியில் பொருத்திய சங்கிலி இழுக்க மாடு தலைகீழாக ஏறியது. தோல் உரித்து, குடல் இறக்கி, முதுகெலும்பின் வழியே ரம்பத்தால் இரண்டாகப் பிளந்து, குளிர்ப்பெட்டியில் தொங்கவிட இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அண்ணன் குடலைக் கேட்டார். கழுவித் தர ஆளில்லை, வேண்டுமானால் நீங்களே கழுவிக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்தக் குளிரில் அண்ணனுக்கே ஆசை விட்டுப்போனது. நாக்கு, வால், ஈரல் மூன்றையும் மற்ற குடும்பங்கள் வேண்டாம் என்றதால் எல்லாம் இவருக்கே.

கறியை உடனே கட்டித் தரமாட்டார்கள். குளிரில் இரண்டு வாரம் தொங்கவிட்டால்தான் மிருதுவாகுமாம். அதற்குள் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும்: துண்டு எவ்வளவு தடிமன், ஒரு பொட்டலத்தில் எத்தனை, கொத்துக்கறியில் கொழுப்பு எவ்வளவு. 'எலும்போடு கறித்துண்டு' என்று எழுத அதில் கட்டமே இல்லை. அண்ணன் ஓரத்தில் படம் வரைந்து காட்டியிருந்தார். பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், வீட்டுக்கு வீடு இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். 570 கிலோ மாடு தோலும் தலையும் குடலும் போகத் தொங்கும்போது ஏறக்குறைய 350 கிலோ. எலும்பும் கொழுப்பும் கழித்துப் பொட்டலமாக வருவது 220 கிலோவுக்குள். பேசும் விலை தொங்கும் எடைக்கு, வாங்கிப் போவது பொட்டல எடை. இது தெரியாமல் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டாம். (சித்தப்பா ஞாபகத்துக்கு வந்தார்.) அண்ணனின் கால் பங்கு 54 கிலோ. பண்ணைக்காரருக்கும் கசாப்புக்காரருக்கும் தனித்தனியாகக் கொடுத்தது சேர்த்து 1,000 டாலரை ஒட்டி. ஒரே தடவையில் ஆயிரம் டாலர் எடுத்து வைக்கவும் கராஜில் ஃப்ரீசர் போடவும் முடிந்தவர்களுக்குத்தான் இது ஆகும். இதை ஒரு பெரிய புரட்சி மாதிரிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

லாரி கிளம்பியதும் பண்ணைக்காரர் எங்களைச் சமையலறையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். அடுத்தது வந்தே தீரும் என்று எதிர்பார்த்த கேள்வி வந்தது. "உங்கள் மக்கள் மாட்டைக் கும்பிடுவார்கள் இல்லையா?"

நான் வானொலிக்காரி, பதில் தயாராக இருந்தது. நாங்கள் மலேசியாவில் நாலு தலைமுறை, எங்கள் அம்மா தோட்டத்தில் மாடு வளர்த்தவர், மாட்டுப் பொங்கலுக்குக் குளிப்பாட்டி, கொம்புக்குச் சாயம் பூசி, மாலை போட்டு, பொங்கல் ஊட்டுவோம் என்றெல்லாம் சொன்னேன். உற்சாகமாகவே கேட்டார். பால் மாடா என்றார். ஆமாம் என்றேன்.

"அப்படியானால் காளைக் கன்றுகளை என்ன செய்தீர்கள்?"

குத்திக்காட்டும் தொனியே அதில் இல்லை. ஒரு மாட்டுக்காரர் இன்னொரு மாட்டுக்கார வீட்டுப் பெண்ணிடம் கேட்கும் தொழில் கேள்வி. பசு பால் கொடுக்க வேண்டுமென்றால் கன்று போட வேண்டும். போடும் கன்றில் பாதி காளை. காளை பால் தராது. நம் தோட்டத்தில் ஏர் உழவும் இல்லை, வண்டி இழுத்த காலமும் போய்விட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை. அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டார்: "ராமுவ ஞாபகம் இருக்கா?"

லேசாக இருந்தது. எனக்கு அப்போது நாலு வயது, அவருக்குப் பத்து. நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு ஒரு செவலைக் காளைக் கன்று. அண்ணன் அதற்கு மணி கட்டியிருந்தார். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அது இல்லை. "வேற தோட்டத்துக்குக் குடுத்தாச்சு"ன்னு அப்பா சொன்னாராம். எந்தத் தோட்டம் என்று அண்ணன் ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தாராம். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாராம். அதற்கு மேல் ஒமாஹா வரைக்கும் நாங்கள் பேசவில்லை.

நம் தோட்டத்து மாடுகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து வந்தவர்களோடு வந்து, ரப்பர் மரங்களுக்கு இடையே புல் மேய்ந்து பெருகிய அந்த இனத்துக்குக் கால்நடைத் துறையினர் வைத்திருக்கும் பெயரே 'லோக்கல் இந்தியன் டைரி'. நம் பெயரோடு ஒரு மாட்டினம் இருக்கிறது! பால்மரம் வெட்டிய கூலி பற்றாத எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் படித்தது அந்த மாடுகளால்தான். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் பட்டம் வாங்கியதில் பால் போத்தலுக்குப் பெரிய பங்கு உண்டு. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது, இளஞ்செடிகளைத் தின்றுவிடும் என்று மாடுகளை வெளியேற்றச் சொன்னார்கள். அத்தோடு எங்கள் மாட்டுக் கதையும் முடிந்தது, நாங்களும் கிள்ளானுக்கு வீடு மாறினோம்.

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து, அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது பண்ணைக்குப் போனதைச் சொன்னேன். நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். தலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டபடியே முழுதும் கேட்டார்.

"கத்துச்சா?"

"இல்லம்மா. தின்னுகிட்டே இருந்துச்சு."

"ம்."

கொஞ்ச நேரம் கழித்து நானே கேட்டேன். "ராமு எங்கம்மா போச்சு?"

"எங்க போகும்? தரகர் லாரியில ஏத்துனா எங்க போகும்னு எங்களுக்குத் தெரியாதா?" அம்மாவின் குரலில் கோபம் இல்லை. "ராமு மட்டுமா. பால் வத்துன லெச்சுமியும் அப்படித்தான். மூணு மாசம் மளிகைக் கடையில பாக்கி. உங்க அண்ணனுக்குக் கண்ணாடி போடணும்னு பள்ளிக்கூடத்துல சொல்லி விட்டாங்க. ராமுவ வித்துத்தான் கண்ணாடி போட்டது. அத அவன்கிட்ட எப்படிச் சொல்ல?"

லாரி வரும் நாளில் அம்மா லயத்துக்குப் பின்னால் குழாயடிக்குப் போய்விடுவாராம். குழாயை முழுசாகத் திறந்துவிட்டுத் துவைக்காத துணியில்லாமல் துவைப்பாராம். தண்ணீர்ச் சத்தத்தில் வேறெதுவும் கேட்காது. அப்பாதான் பணத்தை எண்ணி வாங்குவார். மாட்டைக் கொடுத்தாலும் கழுத்துக் கயிற்றைக் கொடுக்கமாட்டார், அவிழ்த்து வைத்துக்கொண்டு தரகரின் கயிற்றைக் கட்டித்தான் அனுப்புவார். கயிறு போனால் வீட்டு லட்சுமியும் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. அவிழ்த்த கயிறுகள் கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்கும். வீடு மாறியபோது அண்ணன்தான் அவற்றை எடுத்துக் கட்டியதாம். எண்ணியும் பார்த்ததாம்.

"எத்தனைம்மா?"

"பதினொண்ணு. அவனுக்கு அப்பவே எல்லாம் வெளங்கிருச்சு. என்கிட்ட எதுவும் கேக்கல. நானும் சொல்லல." நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கழுவ எழுந்தார். "அந்தப் பண்ணைக்காரன் நின்னு சுடறான்ல. நாங்க குழாயத் தொறந்துவிட்டோம்."

அம்மா மார்ச் மாதம் பேரப்பிள்ளையைப் பார்க்க நெப்ராஸ்கா போகிறார். டிக்கெட் போட்டாகிவிட்டது. அண்ணி அம்மாவுக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி வாங்கி வைத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அண்ணனிடம் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"அந்தப் பண்ணைக்கு என்னையும் கூட்டிட்டுப் போ. சுடற அன்னிக்கு வேணாம். மாட்டப் பாத்துட்டு வரணும்."

அண்ணன் சரி என்றார். மார்ச்சில் அங்கே கன்று போடும் பருவமாம், நிறையக் கன்றுகள் நிற்கும் என்றார். எல்லாவற்றுக்கும் காதில் எண் போட்ட பிளாஸ்டிக் துண்டு மாட்டியிருக்கும், மணி இருக்காது என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார்.